யூரியா மூட்டையும் என் ரத்தமும்

எனக்கு ரத்தம் நிற்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் ரத்தம் மிகவும் ஒழுக்கமானது. எல்லாருக்கும் நிற்பதுபோலவே நிற்கும், உறையும், மேலே பொருக்குக்கூடத் தட்டும். பக்கத்தில் இருந்தவர்கள் நிம்மதியாக அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து, குடையை மறந்து வைத்துவிட்டுப் போன விருந்தாளி மாதிரி அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

இது முதலில் தெரிந்தது, அந்தமானில் ரங்கத் என்கிற எங்கள் ஊரில் எனக்குக் காது குத்தியபோது. மொட்டை போட்டு, சந்தனம் தடவி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கறிச்சோறு போட்டு நடத்திய விசேஷம். குத்தியபோது இரண்டு சொட்டு வந்தது, நின்றுவிட்டது. ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுத்துப் புகழ்ந்து அனுப்பினார்கள். விருந்தாளிகள் பஸ் ஏறிப் போன பிறகு ஒரு நாள் காலையில் என் தலையணை நனைந்து கிடந்தது. ஆசாரியின் கை சரியில்லை என்றாள் அம்மா. கம்பி சரியில்லை என்றார் ஆசாரி. கம்பி வாங்கி வந்த மாமா, போர்ட் பிளேர் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். கடைசியில், பதிலுக்குச் சண்டைக்கு வர முடியாத ஓர் ஆளாகத் தேடிப் பிடித்து, கூட்டத்தில் எவளோ ஒருத்தியின் கண் பட்டுவிட்டது என்று முடித்தார்கள். எங்கள் குடும்பத்தில் ரத்தம் வந்தால் முதலுதவி என்பது யார் மேல் பழி போடுவது என்று கண்டுபிடிப்பதுதான்.

பிறகு பல் பிடுங்கியபோதும் அதே கதை. பஸ் நிற்பதற்குள் குதித்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டபோதும் அதே கதை. அந்தக் காயம் ஆற ஒரு மழைக்காலமே பிடித்தது. ஆறிய பிறகும் தழும்பு விரிந்து, சுருங்கி, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் விரலில் குத்தி, ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்ப்பார்கள். உறைந்துவிடும். "நார்மல்" என்பார்கள். உறைந்தது மறுநாளும் உறைந்தபடியே இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் அந்தச் சோதனைக்குக் கிடையாது. எங்கள் ஊரில் ரோடு போடுவதும் இப்படித்தான். போட்ட அன்றைக்குப் பார்த்தால் அதுவும் நார்மல்.

அப்பாவுக்கு ரங்கத் பஜாரில் உரக்கடை. சுற்றுவட்டாரத்து வங்காளி விவசாயிகளுக்கு யூரியா விற்பார். வங்காளியில் வியாபாரம் பேசுவார், இந்தியில் சண்டை போடுவார், தமிழை வீட்டில் அதிகாரம் செய்வதற்கு வைத்திருந்தார். இப்படி எல்லாரோடும் கலந்து பிழைத்த மனிதருக்கு, பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று வந்ததும் ராமநாதபுரத்துப் புத்தி திரும்பிவிட்டது. தன் அக்கா மகனுக்கே என்னைக் கொடுத்தார். அப்பாவும் அம்மாவும்கூட அத்தை மகன், மாமன் மகள்தான். அத்தையும் அவள் புருஷனும் அப்படியே. "நம்ம ரத்தம் வெளிய போயிரக் கூடாது" என்பது அத்தையின் கொள்கை. அந்த ஒரு விஷயத்தில் என் ரத்தம் மட்டும் அத்தையின் பேச்சைக் கேட்கவில்லை.

என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில் வாடகைக்கு வீடு. அத்தை அதற்கு முன்பு, கப்பலில் போக வேண்டிய இன்னொரு தீவில், ஹட் பேயில் இருந்தாள். மாமா, அதாவது அத்தையின் புருஷன், அங்கே செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டாள், தன் இரும்புப் பெட்டியோடும் அபிப்பிராயங்களோடும். பெட்டியை மூலையில் வைத்தோம். அபிப்பிராயங்களை வைக்கத்தான் வீட்டில் இடம் போதவில்லை.

எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. சிரித்துக்கொண்டே சொல்ல முடியாத இடம் இது, அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை, ரத்தத்தைப் பார்த்தவுடன் அழுகை வராமல், "வந்துவிட்டாயா" என்று தோன்றியது. அந்த நினைப்பு இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.

அத்தை உடனே முதலுதவியில் இறங்கினாள். முதல் தடவைக்கு ஸ்கூட்டர் காரணம். இரண்டாவதற்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டதால், ஆபீஸ் நாற்காலி. நடுவில் பப்பாளி, மொட்டைமாடியில் துணி உலர்த்தியது, வயிற்றில் ஆள் இருக்கும்போது நான் சத்தமாகச் சிரித்தது. மெயின்லேண்டிலிருந்து போன் செய்கிற உறவுக்காரிகளிடம், "அவளுக்கு வயித்துல தங்கமாட்டேங்குது. உக்காந்த எடத்துல உக்காருறதில்ல" என்று நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கும்போதே சொல்வாள். கணவரிடம் முறையிட்டால், "டீக் ஹோ ஜாயேகா" என்பார். 'சரியாகிவிடும்' என்கிற அந்த இந்தி வார்த்தைதான் எல்லாக் கஷ்டத்துக்கும் அவரிடம் இருந்த ஒரே மருந்து. கஷ்டம் சரியாகாவிட்டாலும் அவர் சரியாகிவிடுவார்.

மூன்றாவது முயற்சிக்கு முன் ஒரு புது டாக்டரம்மாவைப் பார்த்தோம். கேரளாவிலிருந்து மாற்றலாகி வந்தவர், சென்னையில் படித்ததால் தமிழ் பேசுவார். மற்ற எல்லாரும் ரத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். இந்த அம்மா மட்டும், "நின்னதுக்கு அப்புறம் திரும்பி வருமா?" என்று கேட்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக யாராவது இதைக் கேட்பார்களா என்று நான் காத்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. காது, பல், முழங்கால் என்று கொட்டித் தீர்த்தேன். டாக்டரம்மா என் தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த அத்தையைப் பார்த்து, "குடும்பத்துல யாருக்காவது, பிறந்த குழந்தைக்குத் தொப்புள்ல ரத்தம் கசிஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எங்க வம்சத்துல கெடையாது டாக்டர்" என்றாள் அத்தை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. வம்சத்தின் மானத்துக்கு அவள்தான் காவல் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சோதனை மிக எளிமையானது. என் ரத்தத்தை உறையவைத்து, உறைந்த கட்டியை யூரியாக் கரைசலில் போட்டு வைப்பார்கள். சரியான ரத்தமென்றால் கட்டி மறுநாளும் அப்படியே இருக்கும். ஒரு குறிப்பிட்ட புரதம் இல்லாவிட்டால் கரைந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க என் கணவரின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். லேபில் அந்த யூரியா தீர்ந்துவிட்டது, வரவழைக்கக் கொஞ்சம் நாளாகும் என்றும் சொன்னார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் போனில் அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"யூரியாவா?" என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த பெருமிதத்தை என்னவென்று சொல்வது. மகளின் வியாதியில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்று இத்தனை வருஷம் ஒதுங்கி நின்றவருக்கு, ஆண்டவனே பார்த்து அவருடைய கடைச் சரக்கையே மருத்துவத்துக்குள் கொண்டுவந்துவிட்டான். மறுநாள் ரங்கத்திலிருந்து வந்த பஸ்ஸின் கூரையில், கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில், ஒரு முழு மூட்டை யூரியா டிரங்க் ரோடு முழுக்கக் குலுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தது. மூட்டை மேல் பெயிண்டில் "ஆஸ்பத்திரி லேப்" என்று எழுதியிருந்தது. கண்டக்டர் கடமை தவறாதவர். ஆள் வைத்துத் தூக்கி லேப் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் லேப்காரர் மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லி என் கணவருக்குப் போன் செய்தார். "பாய்சாப், ஆப்கா போரா லே ஜாயியே."

கணவர் போய் மூட்டையைத் தோளில் சுமந்து வந்தார். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏன், நம்ம சரக்குக்கு என்ன கொறச்சல்? எத்தனை வயலு பாத்துருக்கு! உன் ஒருத்தி ரத்தத்துக்குப் பத்தாதாக்கும்?" லேப் யூரியா வேறு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "எல்லாம் ஒண்ணுதான். டப்பாவுல போட்டு வெல ஏத்தி விக்கிறான், அவ்வளவுதான்" என்று போனை வைத்துவிட்டார்.

டப்பா யூரியா வந்த பிறகு சோதனை நடந்தது. மறுநாள் டாக்டரம்மா இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டினார். ஒன்றில் என் கணவரின் ரத்தக்கட்டி கொஞ்சமும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. என்னுடையது முந்தின நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கரைந்து காணாமல் போய்விட்டதாம். எங்கள் கல்யாண வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக எந்த ஆல்பத்திலும் நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அத்தையும் கூட இருந்தாள். காயம் பட்டால் ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் ஒன்றையொன்று எழுப்பிவிட்டு, கடைசியில் நூல் நூலாக ஒரு வலை பின்னுமாம். அந்த நூல்களை ஒன்றோடொன்று இறுக்கி முடிச்சுப் போடும் புரதம் ஒன்று உண்டு. அது பதின்மூன்றாம் நம்பர். எனக்கு வலை உண்டு, முடிச்சு இல்லை. அதனால் இரண்டு நாள் தாங்கும், பிறகு பிரிந்துவிடும்.

"சரி டாக்டர், அதுக்கும் கரு கலையறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"இந்தப் புரதங்களுக்கு உறையவைக்கிறது மட்டும் வேலை இல்லைம்மா" என்றார். "செல்லுங்களுக்குத் தகவல் சொல்ற வேலையும் இருக்கு."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் தீவு நிர்வாகத்தில் கிளார்க் ஆயிற்றே. எங்கள் ஆபீஸில் எந்த அதிகாரிக்கும் ஒரு நாற்காலி மட்டும் கிடையாது. தன் வேலையோடு இன்னும் இரண்டு துறைகளுக்குக் கூடுதல் பொறுப்பு. அவர் லீவில் மெயின்லேண்ட் போனால், அவருக்குச் சம்பந்தமே இல்லாதது என்று நாம் நினைக்கிற ஒரு தெருவில் தண்ணீர் வராது. புரதங்களும் அப்படித்தானாம். த்ராம்பின் என்று ஒன்று. உறையவைப்பதுதான் அதன் உத்தியோகம். ஆனால் போகிற வழியில் செல்களின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொக்கியின் முனையை வெட்டிவிட்டுப் போகும். வெட்டுப்பட்டதும் செல் உள்ளே விழித்துக்கொண்டு வீங்கு, பெருகு, ஆள் கூப்பிடு என்று கிளம்பும். அளவோடு நடந்தால் காயம் ஆறும். அளவு மீறினால் ரத்தக்குழாய் கெடும், வீக்கம் வியாதியாகும், புற்றுநோய்ச் செல்கூட அதைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளும். என் பதின்மூன்றாம் நம்பருக்கும் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. காயத்தை மூட வரும் செல்களுக்கு, இங்கே வா, இதைப் பிடித்துக்கொள், இங்கேயே இரு என்று இடம் காட்டுவதில் அதற்குப் பங்குண்டு. கருப்பையில் கரு ஒட்டி நிற்பதற்கும் அது வேண்டும்.

எனக்கு அந்த நாற்காலி பிறந்ததிலிருந்தே காலி. ஸ்கூட்டரும் பப்பாளியும் இத்தனை நாள் வேறொருவரின் பைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த அந்தக் கரைந்துபோன குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்தியம் என்னவென்றால், மற்றவர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மாவைச் சில வாரங்களுக்கு ஒருமுறை எனக்கு ஏற்ற வேண்டும். பிரசவம் வரைக்கும் விடாமல் ஏற்ற வேண்டும். எடுக்கிற பைக்கு ஈடாக நாங்களும் யாரையாவது ரத்தம் கொடுக்க வைக்க வேண்டும். எங்கள் காலனி வந்து நின்றது. மீன் கொண்டுவரும் வங்காளிக்காரர், எதிர்வீட்டு மலையாளி வாத்தியார், ஆட்டோ ஓட்டும் தெலுங்குக்காரர், கணவரோடு வேலை பார்க்கும் ராஞ்சிக்காரர். "அண்ணிக்கு எதுக்கு?" என்றுகூடக் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு ஜூஸ் குடித்துவிட்டுப் போனார்கள்.

முதல் பை சொட்டுச் சொட்டாக இறங்கும்போது அத்தை அதையே அண்ணாந்து பார்த்தாள். "இது யாரோடது?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"பதா நஹி அம்மா" என்றாள் நர்ஸ்.

யாருடையது என்று தெரியாது. வெளியே போய்விடக் கூடாது என்று மூன்று தலைமுறையாகக் கதவைச் சாத்தி வைத்திருந்த குடும்பத்துக்குள், கதவைத் திறந்துகொண்டு யாரோ வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள்தான் மூன்றாவதாகத் தரித்த என் குழந்தையை வயிற்றில் பிடித்து வைத்தார்கள். முதல் முறை கலைந்த வாரம் கடந்தது. இரண்டாம் முறை கலைந்த வாரமும் கடந்தது. நான் ஸ்கூட்டரில் ஏறினேன், சத்தமாகச் சிரித்தேன், வேண்டுமென்றே ஒரு பப்பாளியை அத்தையின் எதிரில் உட்கார்ந்து தின்றேன்.  அவள் ஒன்றும் சொல்லாதது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. ஆனால் டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். கணவரின் கட்டி கரையவில்லை என்பதால் அவருக்குக் குறையே இல்லை என்று அர்த்தமில்லை. பாதிக் குறையை அந்தச் சோதனை காட்டாது. அந்தப் பாதியைக் குழந்தைக்கு அவர் கொடுத்திருந்தால், அவளும் என்னைப் போலத்தான். பிறந்தவுடன் தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்து விமானத்தில் மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வந்தது, அனுப்பிய ரத்தம் சோதனைக்குப் போதாது என்று. என் வீட்டில் ரத்தம் போதவில்லை என்று ஒருவர் புகார் செய்தது அதுதான் முதல் தடவை.

"பச்சைக் குழந்தையை மறுபடி குத்த வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "தொப்புளைப் பாத்துக்கிட்டே இருங்க. காஞ்சு விழுந்த பிறகும் சில நாள் பாக்கணும். ஒரு சொட்டு கசிஞ்சாலும் ஓடி வாங்க. பிளாஸ்மா தயாரா இருக்கும்."

எனக்குப் பயத்தில் பால்கூடச் சரியாக இறங்கவில்லை. என் பயத்துக்கு மேலே அத்தை. தொப்புளை அவள் குத்தகைக்கு எடுத்துக்கொண்டாள். யாரையும் குளிப்பாட்ட விடவில்லை. எண்ணெய், பவுடர் எதையும் கிட்டே அண்டவிடவில்லை. துணியை விலக்குவாள், குனிந்து பார்ப்பாள், மூடுவாள். சோறு போட்டால் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி விலக்குவாள். "அத்தை, தொப்புள் எங்கேயும் ஓடிப்போயிராது" என்று ஒருநாள் சீறினேன். அவள் துணியை விலக்கிப் பார்த்தாள்.

ஒரு காலையில் அது காய்ந்த மிளகாய்க்காம்பு மாதிரி துணியில் விழுந்து கிடந்தது. அடியில் சிவப்பு இல்லை. டாக்டரம்மா சொன்ன நாட்களையும் காத்திருந்தோம். துணி வெள்ளையாகவே இருந்தது. கொண்டுபோய்க் காட்டினோம். "இனி பயம் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. கணவர், "நான்தான் சொன்னேனே, டீக் ஹோ ஜாயேகா" என்று இனிப்பு வாங்கப் போனார்.

வீட்டில் நானும் அத்தையும் குழந்தையும் மட்டும். அத்தை அந்த வெள்ளைத் துணியை எடுத்து, விரித்து, மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் புருஷனுக்கு முந்தி ஒருத்தன் இருந்தான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஹட் பேயில. நர்ஸம்மா வந்து சேர்றதுக்குள்ள பொறந்துட்டான். நான்தான் கொடிய அறுத்து நூலக் கட்டினேன். நல்லாத்தான் பால் குடிச்சான். தொப்புளு காஞ்சுகூடப் போச்சு. பெறகு ஒருநா துணியெல்லாம் ரத்தம். துடைக்கத் துடைக்க வருது. சமுந்தர் கராப், கடலு சரியில்லன்னு கப்பலு வரல." துணியை இன்னும் சின்னதாக மடித்தாள். "நீ ஒழுங்கா இறுக்கிக் கட்டல, அதான் புள்ள போச்சுன்னு என் மாமியா சொன்னா. உன் மாமா சாகுற வரைக்கும் அப்படி இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"டாக்டர் கேட்டப்ப ஏன் அத்தை சொல்லல?" என் குரல் உயர்ந்துவிட்டது. கலைந்துபோன என் இரண்டும் நினைவுக்கு வந்தன. உண்மையிலேயே கோபம்தான் வந்தது.

"எப்பிடிச் சொல்லுவேன்? புள்ளயக் கொன்னவ நான்தான்னு என் வாயாலயே சொல்லவா?"

குழந்தையைத் தூக்கி அவள் பக்கத்தில் கிடத்தினேன். 

"அந்த டாக்டரம்மா சொன்னாளே, ரத்தத்துக்குள்ள முடிச்சுப் போடுறது ஒண்ணு இருக்குன்னு" என்றாள் அத்தை. "அது இல்லாமப் போனாத்தான் காஞ்ச பெறகு வருமா? அப்ப நான் கட்டின நூலு?"

"நூல் அவுந்திருந்தா அன்னைக்கே வந்திருக்கும் அத்தை. காஞ்ச பெறகு வந்திருக்காது. நீங்க இறுக்கித்தான் கட்டியிருக்கீங்க."

அத்தை குழந்தையின் வயிற்றில் கையை வைத்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

சொன்னேன்.